பதிவேட்டில் இல்லாத ஊசிகள்

மார்ச் 3, திங்கள்

காலையில் வந்ததும் முதல் வேலையாகக் காகிதக் கப்புகளில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் அடுக்கினேன். இருபத்து நான்கு கப். பதினோரு மணிக்குள் உறைந்துவிடும். விளிம்பைக் கிழித்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்கிற இடத்தில் தேய்த்தால் வீக்கம் கொஞ்சம் வடியும். போன வாரம் ஒருத்தி தேய்த்து மிஞ்சியதை வாயில் போட்டுக்கொண்டாள். "கொஞ்சம் ரஸ்னா கலந்து வச்சீங்கன்னா கூட்டம் இன்னும் சேரும் சிஸ்டர்" என்றாள்.

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி இது. நாளுக்கு ஒரு பக்கம். பதினோரு வருடமாக அடுத்தவர்களின் வலியைத்தான் நாள் முழுக்க எழுதிக்கொண்டிருக்கிறேன். என்னுடையதையும் கொஞ்சம் எழுதலாமே என்று ஜனவரியில் நினைத்தேன். மார்ச் வந்துவிட்டது.

இரண்டாம் நிலைப் பெண் காவலர் பயிற்சிப் பள்ளியின் மருந்தகம். இரண்டு அறை, நான்கு கட்டில், ஒரு ஃப்ரிட்ஜ், நான். டாக்டர் செவ்வாய்க்கிழமை மட்டும் வருவார். பயிற்சியில் நூற்று எண்பது பெண்கள், ஐந்து பிளாட்டூன். உடம்பு சரியில்லாதவள் காலை பரேடுக்கு முன்பே சிக் ரிப்போர்ட் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஏழு மாதத்தில் மொத்தம் பதினைந்து நாள் சிக்கில் இருந்தால் அடுத்த பேட்சுக்குத் தள்ளிவிடுவார்கள். அதனால் கையெழுத்துப் போட யாருக்கும் கை வராது.

போதாததற்கு டிசம்பரிலிருந்து வெள்ளைப் பக்கம் வேறு. திங்கள் முதல் சனி வரை எந்தப் பிளாட்டூனின் பக்கத்தில் ஒரு பெயரும் விழவில்லையோ, அந்தப் பிளாட்டூனுக்கு ஞாயிற்றுக்கிழமை போன் பேச ஒரு மணி நேரம் கூடுதல். டி.எஸ்.பி. ஐயா கொண்டுவந்த ஏற்பாடு. அது வந்த பிறகு புத்தகம் சுத்தமாகத்தான் இருக்கிறது.

மகள் யாழினிக்கு இன்று பிளஸ் டூ தமிழ் பரீட்சை. நன்றாக எழுதினாளாம்.

மார்ச் 6, வியாழன்

பதினோரு மணி டீ இடைவேளையில் ஒரு பெண் வந்தாள். செஸ்ட் நம்பர் 117, மூன்றாவது பிளாட்டூன், மாரிச்செல்வி. சங்கரன்கோவில் பக்கம். ஒல்லி, ஆனால் வைரம் பாய்ந்த உடம்பு. கதவுக்கு வெளியே நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். ஒரு பிடிப்பு."

"எங்க?"

வலது தொடை இடுக்கைக் காட்டினாள். காட்டும்போதே முகம் சுருங்கியது.

"எத்தன நாளா?"

"இப்பதான் சிஸ்டர். ஒரு பத்து நாளா."

"பத்து நாளு 'இப்பதான்'ஆ? நாளைக்குக் காலைல புக்ல கையெழுத்துப் போட்டுட்டு வா."

"ஐயோ, வேண்டாம் சிஸ்டர். நான் ஏற்கனவே காய்ச்சல்ல ஒம்போது நாளு தின்னுட்டேன். இன்னும் ஆறுதான் இருக்கு." கையைக் கூப்பிவிட்டாள். "அதோட சனிக்கிழம வர யாரும் போடலன்னா எங்களுக்கு வெள்ளைப் பக்கம். என்னால கெட்டுச்சுன்னா ராத்திரி கம்பளிய மூடி மொத்திருவாளுக."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வாசலில் அவளுக்குத் துணையாக வந்த ரோஸ்லின் சிரிக்கவில்லை. "ஏ நூத்திப்பதினேழு, உன் ஒரு கையெழுத்துக்கு முப்பத்தாறு பேரு அம்மா குரலக் கேக்க முடியாது. ஞாபகம் வச்சுக்க" என்றாள்.

செய்ய வேண்டியதைச் செய்து அனுப்பினேன். அரை மணி நேரத்தில் நேராக நடந்து போனாள்.

மார்ச் 8, சனி

மூன்றாவது பிளாட்டூனுக்கு வெள்ளைப் பக்கம். விசில் சத்தம் மருந்தகம் வரை கேட்டது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது என்பதை எழுதத்தான் வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

டாக்டர் வந்தார். நாற்பது நிமிடத்தில் பதினான்கு பேர். கால் வலி என்றவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே மாத்திரை.

பதிவேட்டில் ஒரு பெண்ணின் எண்ணைத் தவறாக எழுதிவிட்டேன். டாக்டர், "ஒயிட்னர் போட்டு அழிச்சிடுங்க சிஸ்டர், அசிங்கமா இருக்கு" என்றார். நான் ஒரே ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் சரியான எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நர்சிங் முதலாண்டில் புகட்டியது: எழுதியது தவறானால் அழிக்காதே, கிழிக்காதே. அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். கோடு, சரியான சேதி, கையெழுத்து, தேதி, நேரம். "நீங்க இன்னும் ஹாஸ்டல்லயே இருக்கீங்க" என்று டாக்டர் சிரித்தார்.

117 வரிசையில் இல்லை. நான் கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். கூட்டமாக இருந்தது.

மார்ச் 13, வியாழன்

டி.எஸ்.பி. ஐயா கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், அதுவே புதிது.

"உங்க பெர்மனென்ட் ஃபைல் மேல போயிருச்சு சிஸ்டர். நல்லா எழுதி அனுப்பியிருக்கேன். நம்ம சென்டர்ல சிக் ரேட் கம்மின்னு மேலிடத்துல பேசிக்கிறாங்க. அதுல உங்க பங்கும் இருக்கில்ல?"

"நன்றிங்கய்யா" என்றேன்.

பதினோரு வருடம் ஒப்பந்தத்தில். புதுப்பிப்பார்களா என்று காத்திருந்த பதினோரு மார்ச். வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரர் தன் ஜெராக்ஸ் கடையை அரை மணி முன்னதாகவே அடைத்துவிட்டு அல்வா வாங்கி வந்தார்.

மார்ச் 14, வெள்ளி

வரும் வழியில் மெடிக்கலில் வாங்க வேண்டியதை வாங்கினேன். கடைக்காரர், "என்ன சிஸ்டர், போன வாரம்தானே பத்து வாங்குனீங்க? வீட்ல யாருக்கு முதுகு வலி?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன்.

மார்ச் 17, திங்கள்

இன்று மைதானத்துக்கு ஓ.ஆர்.எஸ். தண்ணீர் கொண்டுபோனேன். ஏழரை மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. மூன்றாவது பிளாட்டூன் எட்டாவது சுற்றில் இருந்தது. மாரிச்செல்வி கடைசி. வலது காலை லேசாக வெளியே வீசி வீசி ஓடினாள். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ பாணி மாதிரி இருக்கும்.

டிரில் ஹவில்தார் பொற்கொடி கூடவே ஓடிக்கொண்டு கத்தினார். "என்னம்மா மகாராணி, பல்லக்கு அனுப்பவா? திருடன் முன்னால ஓடுறான், நீ பின்னால கோலம் போட்டுட்டுப் போற! தூக்கு கால!"

மாரிச்செல்வி காலைத் தூக்கினாள். உதட்டைக் கடித்துக்கொண்டு தூக்கினாள்.

பதினோரு மணிக்கு வந்தாள். கட்டிலில் குப்புறப் படுத்தபடி தானாகவே பேசினாள்.

"எங்கம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகுது சிஸ்டர். அப்பா நான் எட்டு படிக்கையில போயிட்டாரு. செலக்‌ஷன் லிஸ்ட் வந்தன்னைக்குத் தெருவே எங்க வீட்டுக்கு வந்துச்சு. எப்பவும் வாசலோட நிக்கிறவங்க எல்லாம் உள்ள வந்து உக்காந்தாங்க. எங்கம்மாக்கு நாற்காலி போட்டாங்க, எங்க வீட்லயே." சிரித்தாள். "இப்ப அடுத்த பேட்ச்னு வீட்டுக்குப் போய் நின்னா, அந்த நாற்காலிய எடுத்துருவாங்கல்லா?"

பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ராத்திரில வலிக்குதா?" என்று கேட்டேன்.

"படுத்தா கொஞ்சம் வலிக்கத்தான் செய்யுது."

படுத்திருக்கும்போதும் வலிக்கிறது என்றால் தசை இல்லை. படித்திருக்கிறேன். ஆனால் எக்ஸ்ரே எடுக்கப் புத்தகத்தில் பெயர் வேண்டும். பெயர் இல்லாமல் டாக்டர் சீட்டு எழுத மாட்டார். சீட்டு இல்லாமல் ஜீப் போகாது.

மார்ச் 20, வியாழன்

117 வந்து போனாள். 203 வந்து போனாள். 88 வந்து போனாள்.

யாழினிக்கு உயிரியல் பரீட்சைக்கு எலும்பு மண்டலம் சொல்லிக்கொடுத்தேன். "தொடை எலும்போட கழுத்துப் பகுதி ஏம்மா முக்கியம்?" என்றாள். உடம்பின் மொத்த எடையும் அந்தச் சிறிய வளைவின் வழியாகத்தான் இறங்குகிறது என்றேன். அங்கே ரத்த ஓட்டம் குறைவு, உடைந்தால் சேர்வது கஷ்டம் என்றும் சொன்னேன். இவ்வளவு பரீட்சைக்கு வேண்டாம் என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.

மார்ச் 21, வெள்ளி

பொற்கொடி மேடம் வந்தார். கதவைச் சாத்திவிட்டு பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டினார். இரண்டு முட்டியும் தேங்காய் அளவு வீங்கியிருந்தன. எனக்கு மூன்று வயது இளையவர்.

"இது ட்ரெயினிங்ல வந்தது சிஸ்டர். நாங்களும் சொல்லல. சொல்லியிருந்தா இன்னைக்கு இந்த விசில் என் கழுத்துல இருக்காது." கப் ஐஸை வைத்துத் தேய்த்தார். "எம்பேரையும் எழுதிராதீங்க."

"117ஐக் கொஞ்சம் விட்டுப் பிடிங்க மேடம்."

"அவ நடிக்கிறா சிஸ்டர். காலைல நொண்டுறா, மத்தியானம் சிட்டா பறக்குறா. வலி என்ன, டைம்டேபிள் பாத்தா வரும்?"

எனக்குத் தெரியும் ஏன் பறக்கிறாள் என்று. இன்னொரு கப்பை எடுத்துக் கொடுத்தேன்.

மார்ச் 24, திங்கள்

பேட்ச் முழுவதற்கும் சனி ஞாயிறு லீவ். எல்லாரும் ஊருக்குப் போய்த் திரும்பிவிட்டார்கள். மாரிச்செல்வி ஒரு பொட்டலம் சீரணி மிட்டாய் கொண்டுவந்து கொடுத்தாள். "அம்மா குடுத்துவிட்டுச்சு. உங்களப் பத்திச் சொன்னேன்." நடக்கும்போது மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 28, வெள்ளி

இன்று ஒன்றும் விசேஷமில்லை.

மார்ச் 29, சனி

எழுத முடியவில்லை.

மார்ச் 31, திங்கள்

சனிக்கிழமை தடை தாண்டும் தேர்வு. ஆறடிச் சுவர் ஏறி அந்தப் பக்கம் குதிக்க வேண்டும். நான் முதலுதவிப் பெட்டியோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். 117 சுவரில் ஏறினாள். உச்சியில் ஒரு நொடி நின்றாள். என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. குதித்தாள்.

சத்தம் கேட்டது. காய்ந்த முருங்கைக் கிளை முறிகிற மாதிரி. அதற்குப் பிறகுதான் அவள் அலறினாள்.

"எந்திரி! டைம் ஓடுது, எந்திரி!" என்று பொற்கொடி மேடம் கத்திக்கொண்டு ஓடினார். பக்கத்தில் போனதும் கத்தல் நின்றுவிட்டது. வலது கால் இடது காலைவிடக் குட்டையாகத் தெரிந்தது. பாதம் முழுக்க வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தது. அப்படி ஒரு காலைப் பார்த்தால் எந்த நர்சுக்கும் எக்ஸ்ரே வேண்டாம். பொற்கொடி மேடம் தன் தொப்பியைக் கழற்றி அவள் முகத்துக்கு வெயில் மறைத்தார்.

ஜீப்பில் என் மடியில் அவள் தலை. பற்கள் கிட்டித்துக்கொண்டன. அதற்கு நடுவில் சொன்னாள்: "சிக் ரிப்போர்ட்ல எழுதிராதீங்க சிஸ்டர். இன்னைக்குச் சனிக்கிழம. சாயங்காலம் வர பொறுத்துக்கிடுதேன்."

ஏப்ரல் 2, புதன்

ஆபரேஷன் முடிந்தது. மூன்று திருகாணி. எலும்பு டாக்டர், இளைஞர், வராந்தாவில் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார்.

"இது ஒரே நாள்ல ஒடஞ்சதில்ல சிஸ்டர். விளிம்பப் பாருங்க. ஒரு மாசமா விரிசல் இருந்திருக்கு. அப்பவே ரெஸ்ட் குடுத்திருந்தா ஆறு வாரத்துல தானா சேந்திருக்கும். இந்த வலியோட எப்படி ஓடுனா இந்தப் பொண்ணு?"

"தெரியல டாக்டர்" என்றேன்.

தொடை எலும்பின் பந்து போன்ற தலைக்கு ரத்தம் போகிறதா என்று வருடம் முழுக்கப் பார்க்க வேண்டுமாம். போகவில்லை என்றால் இருபத்து மூன்று வயதில் மாற்று இடுப்பு மூட்டு. ஓடுவது பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

டி.எஸ்.பி. ஐயா ஒரு தட்டச்சுத் தாளை நகர்த்தினார். 'மேற்படி பயிற்சிக் காவலர் காலில் வலி இருப்பதாக 29.03க்கு முன் எந்த நாளிலும் சிக் ரிப்போர்ட் பதிவேட்டில் பதிவு செய்யவில்லை எனச் சான்றளிக்கிறேன்.'

"பதிவேட்டுல இல்லங்கறது உண்மைதானே சிஸ்டர்?"

"உண்மைதாங்கய்யா."

"லீவுக்கு ஊருக்குப் போயிருக்கா. அங்க எங்கயோ விழுந்திருக்கா. மறச்சுட்டு வந்து குதிச்சிருக்கா. இத விட்டா வேற என்ன இருக்க முடியும்?"

கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் வாழ்க்கையிலேயே இவ்வளவு பெரிய பொய்யில் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

ஏப்ரல் 5, சனி

மூன்றாவது பிளாட்டூன் பக்கம் இந்த வாரமும் வெள்ளை. யாரும் விசில் அடிக்கவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

ரோஸ்லின் வந்தாள், பதினோரு மணிக்கு, அதே மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரல் வைத்தாலே துள்ளினாள்.

"டாக்டர் உள்ளதான் இருக்காரு. புக்ல கையெழுத்துப் போடு. எக்ஸ்ரேக்கு எழுதச் சொல்றேன்."

"எக்ஸ்ரே வேணாம் சிஸ்டர். மத்தது போதும்."

"இனிமே அது கிடையாது."

என்னையே பார்த்தாள். "மாரிக்கு மட்டும் செல்லமா? அவளுக்குக் குடுக்கும்போது இந்தப் புக்கு எங்க போச்சு?"

அறைந்த மாதிரி இருந்தது. அவள் கையெழுத்துப் போடவில்லை. போய்விட்டாள். நாலு மணி பரேடில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 10, வியாழன்

வேறு மாவட்டத்து டி.எஸ்.பி. ஒருவர் விசாரணைக்கு வருகிறார், 21ஆம் தேதி திங்கள், பத்து மணிக்கு. நானும் வாக்குமூலம் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். எல்லாவற்றையும் இல்லை. ஒரு பெண்ணுக்குக் கால் உடைந்துவிட்டது, என்னைக் கேட்பார்கள் என்று மட்டும்.

"கேட்டா, உள்ளத உள்ளபடி பதிவேட்டப் பாத்துச் சொல்லிட்டு வா. அதுக்கு மேல உனக்கென்ன வம்பு புனிதா? ஆர்டர் வர்ற நேரம்."

தோசையைத் திருப்பினேன். கருகியிருந்தது.

ஏப்ரல் 15, செவ்வாய்

ஆணை வந்துவிட்டது. நிரந்தரம்.

ஏப்ரல் 17, வியாழன்

அரை நாள் லீவ் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெண்கள் எலும்பு வார்டு, கடைசிக் கட்டில். மாரிச்செல்வி சாய்ந்து உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

அவள் அம்மா கட்டிலுக்குக் கீழே பாய் விரித்திருந்தார். எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். விரல் நுனிகள் தீப்பெட்டி மருந்துக் கறையில் கருத்திருந்தன.

"நீங்கதானா அந்த சிஸ்டர்? இவ ஊருக்கு வந்தப்ப உங்க பேச்சாவேதான் இருந்தா. அவுக இல்லன்னா நான் பாதியிலயே வீட்டுக்கு வந்திருப்பேம்மான்னு சொன்னா. நீங்கதான் எம்பிள்ளைய ஓட வச்சீங்க. நல்லா இருக்கணும்மா நீங்க."

என் கையை எடுத்துக்கொள்ள முடியவில்லை. எடுத்தால் தெரிந்துவிடும் என்று இருந்தது.

தலையணைக்குக் கீழிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள் மாரிச்செல்வி. நோட்டீஸ். முந்தைய காயத்தை மறைத்துப் பயிற்சியில் கலந்துகொண்டதற்காக ஏன் நீக்கக் கூடாது என்று பதினைந்து நாளில் பதில் தர வேண்டும். பயிற்சியில் ஏற்பட்ட காயம் என்று நிரூபணமானால் சிகிச்சையும் சம்பளமும் உண்டு, தேறிய பிறகு அலுவலக வேலையாவது கொடுப்பார்கள். ஊரில் விழுந்தது என்று ஆனால் ஒன்றும் கிடையாது.

"ஆபீஸ்ல இருந்து ரைட்டர் வந்தாரு சிஸ்டர். லீவுல வீட்டுப் படில வழுக்கி விழுந்துட்டேன்னு எழுதிக் குடு, மன்னிப்புக் கேளு, கருணை காட்டுவாங்கன்னாரு."

"எழுதிட்டியா?"

"இன்னும் இல்ல. அவரு குடுத்த வெத்துத் தாளு அப்படியே இருக்கு. திங்கக்கிழம கேக்க வரும்போது குடுக்கணும்." அம்மா தண்ணீர் பிடிக்கப் போகும்வரை காத்திருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஊசி விஷயம் நான் யார்ட்டயும் சொல்லலக்கா. எங்கம்மாட்டகூட. மாத்திரைன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். நான்தான உங்களக் கெஞ்சுனேன்? உங்க வேலைக்கு ஒண்ணு வந்துரக் கூடாதுல்லா. வேலை போறது எங்க ஒரு வீட்டோட போகட்டும்."

முதல் தடவையாக அக்கா என்றாள்.

"அப்படியெல்லாம் எழுதாத" என்றேன். "திங்கக்கிழம வர எதையும் எழுதிக் குடுக்காத."

"பின்ன என்னக்கா செய்ய? புக்ல என் பேரே இல்லையே."

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் உட்காராமல் நின்றுகொண்டே வந்தேன்.

ஏப்ரல் 19, சனி

பொற்கொடி மேடத்தைக் கேட்டேன், திங்கட்கிழமை என்ன சொல்லப் போகிறீர்கள் என்று. "நடிக்கிறான்னு நெனச்சேன்னு சொல்வேன். அதான் உண்மை." கொஞ்சம் தள்ளிப்போய்த் திரும்பி வந்தார். "மத்தியானம் மட்டும் எப்படி சிஸ்டர் ஓடுனா? யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். எனக்குத் தூக்கமே வரல." அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். என் வாயால் வரட்டும் என்று நிற்கிறார்.

நான் மருந்துப் பெட்டியைச் சரிபார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

யாழினி தோழி வீட்டுக்குப் போயிருக்கிறாள். அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். மதியம் இரண்டரை. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இந்த டைரியை மார்ச் 3லிருந்து படித்தேன்.

எனக்கு நானே எழுதிக்கொண்டதில்கூட எவ்வளவு மறைத்திருக்கிறேன். 'செய்ய வேண்டியதைச் செய்து அனுப்பினேன்.' 'வாங்க வேண்டியதை வாங்கினேன்.' 'வந்து போனாள்.' யாராவது எடுத்துப் படித்துவிடுவார்கள் என்ற பயமா? இல்லை. நானே படித்துவிடுவேன் என்ற பயம்.

நீல மைப் பேனாவை எடுத்தேன். மார்ச் 6ஆம் தேதிப் பக்க ஓரத்தில் எழுதினேன்: டைக்ளோஃபெனாக் வலி நிவாரண ஊசி 75 மி.கி., இடுப்புத் தசையில், டாக்டர் உத்தரவு இல்லாமல், பதிவு இல்லாமல். கீழே கையெழுத்து. பிறகு 10, 14, 17, 20, 25. ஸ்டாக்கில் கணக்கு இடிக்கக் கூடாது என்று வெளியே வாங்கினேன், அதையும் எழுதினேன். 203, 88 இருவரின் தேதிகளையும் எழுதினேன். நினைவில் இருக்கிற மற்ற எட்டுப் பேரையும்.

மார்ச் 28க்கு வந்தபோது நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

'இன்று ஒன்றும் விசேஷமில்லை.' அந்த ஒரு வரிக்குக் கீழே பக்கம் முழுக்கக் காலி. அதுவும் ஒரு வெள்ளைப் பக்கம்தான். நான் எனக்கே கொடுத்துக்கொண்டது.

அந்த வரியின் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தேன். படிக்கத் தெரிகிறது. கீழே எழுதினேன்:

'காலை 11.10. பயிற்சிக் காவலர் 117 மாரிச்செல்வி நொண்டியபடி வந்தார். வலது காலில் மட்டும் நின்று ஒருமுறை குதிக்கச் சொன்னேன். குதிக்க முடியாமல் என் தோளில் விழுந்து அழுதார். இது எலும்பு விரிசலுக்கான அறிகுறி என்று எனக்குத் தெரியும். மறுநாள் சுவர் தாண்டும் தேர்வு என்பதும் தெரியும். அவரை நிறுத்த எனக்கு அதிகாரம் இருந்தது. டி.எஸ்.பி.யிடமோ டாக்டரிடமோ சொல்லவில்லை. ஏழாவது ஊசியைப் போட்டேன். தேர்வுக்கு முன் மறுநாள் காலை 5.50க்கு, மைதானத்துக் கழிப்பறைக்குப் பின்னால், எட்டாவது. அதன் பிறகு அவர் குதித்தார்.

திருத்தியது: செவிலியர் அ. புனிதவதி, 20.04, பிற்பகல் 3.05.'

எட்டாவதைப் பற்றி இதுவரை என்னிடம் நானே சொன்னதில்லை.

மூன்றாம் வருடப் பரீட்சை எழுதி முடித்துப் பேனாவை மூடிய மாதிரி இருந்தது.

கருணையால்தான் செய்தேன் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கருணையும் இருந்தது. ஆனால் சிக் ரேட்டும் இருந்தது, ஃபைலும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரிக்கிற வேலை என்னுடையது இல்லை. நாளை பத்து மணிக்கு வருகிற விசாரணை அதிகாரியுடையது. என்னுடையது, தேதியும் மருந்தும் அளவும்.

ஆணைக்கு ஐந்து நாள் வயது. என் வீட்டுக்காரர் அதை லேமினேட் செய்து அலமாரிக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார். யாழினிக்கு மே மாதம் ரிசல்ட். என்னைப் போலவே நர்சிங் படிக்கப் போகிறாளாம். இந்த மூன்றையும் ஒவ்வொன்றாக மனதில் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் திரும்ப அதனதன் இடத்தில் வைத்தேன்.

அவர் எழுந்து வந்தார். "என்ன எழுதுற? நாளைக்குச் சொல்ல வேண்டியதா?"

"ஆமா."

"பதிவேட்ட எடுத்துட்டுப் போறேல்ல?"

"அது ஆபீஸ்லயே இருக்கு" என்றேன். டீ கேட்டார். போட்டுக் கொடுத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

நாளைக் காலை வழக்கமான பேருந்துக்குப் பதிலாக முதல் பேருந்து. முதலில் ஆஸ்பத்திரி. மாரிச்செல்வி ரைட்டரிடம் எதையும் கொடுக்காதபடி அந்த வெற்றுத் தாளை வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு பள்ளி. பதினோரு மணிக்கு ரோஸ்லின் வந்தால் நான் அங்கே இருக்க மாட்டேன், அதனால் காலையிலேயே அவளை எக்ஸ்ரேவுக்கு அனுப்பச் சொல்லிப் பொற்கொடி மேடத்திடம் கேட்க வேண்டும். அவர் செய்வார்.

கைப்பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துவிட்டு இந்த டைரியை வைத்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. நாளைக்கு எழுத என்னிடம் டைரி இருக்காது.